வாசகர் கேள்வி – பதில்: அம்மம்மாவை ஊருக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 மாதங்கள். 84 நாள் மகப்பேற்று விடுமுறையும் அதனோடு சேர்த்து எடுத்த விடுமுறையும் முடிந்து நான் கந்தோருக்குத் திரும்பியது முதல், சம்பூரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் அம்மாதான் அவளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். மாலையில் என்னைக் கண்டதும் அவள் அம்மம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்; தூக்கினால் அழுகிறாள்; பிறகு என் இடுப்பை விட்டு இறங்க மறுக்கிறாள். பகலில் அழுவதே இல்லையாம். "பிள்ளை தாயை மறந்துவிட்டது" என்று அயலவர்கள் சொல்கிறார்கள். முதல் மூன்று வருடங்கள் தாய் அருகில் இல்லாவிட்டால் பிள்ளையின் மனம் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்று வாசித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அம்மாவைச் சில மாதங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டு நான் சம்பளமற்ற விடுமுறை எடுத்தால் மகள் என்னோடு ஒட்டிக்கொள்வாள் என்கிறார் கணவர். அப்படிச் செய்யலாமா?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: சகோதரி, விடுமுறை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் குடும்பத்தின் வசதியைப் பொறுத்தது. ஆனால் அம்மாவை ஊருக்கு அனுப்பும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். நீங்கள் எழுதியவற்றுள் குழந்தையை உண்மையில் வருத்தக்கூடியது அது ஒன்றுதான்.

நீங்கள் வாசித்த கருத்து, பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையிலிருந்து திரிந்து வந்ததாக இருக்க வேண்டும். அவர் அதில் எழுதியது வீட்டையும் பெற்றோரையும் பிரிந்து காப்பகங்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி. காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் தாயைப் பற்றியன்று. குழந்தைக்கு அன்பான, இடையறாத உறவு ஒன்று வேண்டும் என்று கூறிய இடத்திலும், அதைத் தருபவர் தாயாகவோ தாயின் இடத்தில் நிலையாக நிற்பவராகவோ இருக்கலாம் என்றே அவர் எழுதினார். அந்தப் பின்பாதி வாய்க்கு வாய் மாறும்போது உதிர்ந்துவிட்டது. போல்பியே செவிலி ஒருத்தியின் கையில் வளர்ந்தவர். அவருக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அவள் வேலையை விட்டுப் போனதை, தாயை இழந்ததற்கு ஒப்பான துயரமாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். உங்கள் மகளுக்கு அம்மம்மா அத்தகையவர். பகல் முழுவதும் சோறூட்டி, உறங்கவைத்து, விழுந்தால் தூக்கும் ஒருவர் ஒரு நாள் திடீரென்று காணாமற்போவது ஏன் என்று 14 மாதக் குழந்தைக்கு நீங்கள் எந்தச் சொல்லாலும் விளக்க முடியாது.

இனி அந்த மாலை நேர அழுகைக்கு வருகிறேன். குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பை ஆராயும் இந்தத் துறையில் போல்பிக்கு இணையாகப் பேசப்படும் உளவியலாளர் மேரி எயின்ஸ்வேர்த், 1950களில் உகண்டாவின் கிராமங்களில் 26 தாய்மாரின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று குழந்தைகளைக் கவனித்தார். உறவினர்களும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் நம்முடையதைப் போன்ற வீடுகளே அவை. இந்தப் பிணைப்புக் கோட்பாடு தனித்து வாழும் மேல்நாட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் பொருந்தும் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. பின்னர் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஒரு வயதுக் குழந்தைகளைப் புதிய அறையொன்றில் சில நிமிடங்கள் தாயிடமிருந்து பிரித்துப் பார்க்கும் முறையை அவர் வகுத்தார். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் அது என்ன செய்கிறது என்பதே அங்கு முக்கியமாகக் கணிக்கப்பட்டது. அழுதுகொண்டு தாயிடம் போய், அவர் அணைத்ததும் ஆறி, மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பிய குழந்தைகளின் பிணைப்பே உறுதியானதாகக் கொள்ளப்பட்டது. எதுவும் நடவாததுபோல் இருந்த குழந்தைகள் சிலரின் இதயத் துடிப்பைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் அளந்தபோது, வெளியே தெரியாத கலவரம் உள்ளே இருந்தது புலப்பட்டது. ஆகவே அழாத பிள்ளை நிம்மதியான பிள்ளை என்றோ, அழுகிற பிள்ளை தாயை மறந்த பிள்ளை என்றோ முடிவுகட்ட இயலாது. உங்கள் மகள் முகத்தை மறைப்பதும், அழுவதும், பிறகு இறங்க மறுப்பதும் சேர்ந்து, பகலெல்லாம் அவள் உங்களை எதிர்பார்த்திருந்தாள் என்றே எனக்குச் சொல்கின்றன. மறந்துவிட்ட ஒருவரிடம் எந்தக் குழந்தையும் இவ்வளவு கோபித்துக்கொள்வதில்லை.

அம்மம்மாவிடம் உள்ள அன்பு உங்களுக்குரியதிலிருந்து கழிக்கப்படுவதன்று. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் வெளியான ஆய்வு, 18 மாதமாகும்போது பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பிணைப்புக் கொண்டிருந்ததைக் காட்டியது. நெடுநேரம் கூட இருந்தவரைவிட, குழந்தையின் குறிப்பறிந்து நடந்தவரிடமே பிணைப்பு ஆழமாக இருந்தது. எனவே வீட்டுக்கு வந்ததும் கைபேசியையும் அடுப்பையும் அரை மணி நேரம் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். பறித்துத் தூக்காதீர்கள், அம்மாவின் அருகில் இருந்து பேசுங்கள், அவளே கை நீட்டுவாள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: காலையில் எப்படிப் புறப்படுகிறீர்கள்? பின்கதவால் ஒளித்துப் போகும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. அழுகையைக் காணாமல் தப்பிக்கப் பெரியவர்களுக்கு அது உதவும். குழந்தைக்கோ, அம்மா எந்த நேரத்திலும் மறைந்துவிடலாம் என்ற பாடமாகும். இரண்டாம் வயதின் தொடக்கத்தில் பிரிவச்சம் உச்சத்தில் இருப்பதால் அவள் அழத்தான் செய்வாள். அழுதாலும், "அம்மா போய்விட்டு வருகிறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லி, அம்மம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பயந்தாலும் நொந்தாலும் அவள் உங்கள் இருவரில் எவரிடமும் வராமல், எவர் தூக்கினாலும் ஆறாமல் இருந்தால் மட்டும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நீங்கள் விவரித்த குழந்தை அப்படிப்பட்டவள் அல்லள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று மாதம். அழும்போதெல்லாம் தூக்கினால் கைச்சூட்டுக்குப் பழகிவிடுவான் என்று என் தாயார் தடுக்கிறார். யார் சொல்வது சரி?
– இளந்தந்தை, நிலாவெளி

பதில்: இவ்விடயத்தில் உங்கள் பக்கமே நிற்கிறேன். உடனே கவனிக்கப்பட்ட குழந்தைகள் முதல் வருட இறுதியில் குறைவாகவே அழுதார்கள் என்று மேலே சொன்ன எயின்ஸ்வேர்த்தும் அவரோடு ஆய்வு செய்த சில்வியா பெல்லும் 1972இல் எழுதினார்கள். அதைப் பின்வந்தவர்கள் முழுமையாக ஏற்கவில்லை. சிறு முனகலுக்கெல்லாம் பாய்ந்து போக வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். எனினும் மூன்று மாதக் குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறு மொழி இல்லை, அடம்பிடிக்கும் சூழ்ச்சியும் அதற்குத் தெரியாது. தாயாரோடு வாதாட வேண்டாம். மகன் அழும்போது அவர் மடியிலேயே கொடுத்துப் பாருங்கள். கீழே கிடத்த அவருக்கே மனம் வராது.