உள்ளூர் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் காட்டுயிர் வாழிடத்தைக் காப்பாற்ற ஒரு சாதாரண ஆளால் என்ன செய்ய முடியும்?

செய்ய முடியும். ஆனால் நம்மில் பலர், நானும்தான், வண்டி போன பிறகு நிறுத்தத்துக்கு வருகிறோம்.

ஒரு கட்டுமானத்தை எதிர்த்து நான் எழுதிய முதல் ஆட்சேபணை மனு இரண்டு பக்கம். முழுக்க ஆதங்கம். வாங்கிப் படித்த அலுவலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த இடம் திட்டத்துல என்ன மண்டலம்னு பார்த்தீங்களா?" பார்த்திருக்கவில்லை. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று திட்டம் பிரித்து வைப்பதுதான் மண்டலம். பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த இடத்தைக் குடியிருப்பு மண்டலமாக்கிவிட்டார்கள். விதிப்படி வந்த விண்ணப்பத்தை மறுக்க அவர் கையில் எதுவும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வந்தபோது எட்டிப் பார்க்காத என்மேல்தான் வந்திருக்க வேண்டும்.

வாழிடம் ஒரேயடியாக அழிவது அபூர்வம். இங்கே ஐந்து மனை, அங்கே ஒரு கிடங்கு, நடுவில் ஒரு சாலை என்று போகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு அனுமதியும் நியாயமாகவே தெரியும். ஆல்ஃபிரட் கான் என்ற பொருளியலாளர் 1966இல் இதற்கு 'சிறு முடிவுகளின் கொடுங்கோன்மை' என்று பெயர் வைத்தார். 1982இல் சூழலியலாளர் வில்லியம் ஓடம் அதை இயற்கைக்குப் பொருத்திக் காட்டினார். 1950க்கும் 1970க்கும் இடையில் அமெரிக்காவின் கனெக்டிகட், மாசசூசெட்ஸ் கடற்கரைகளில் இருந்த சதுப்பு நிலத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. அழிக்கலாம் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போடவில்லை.

"மரமெல்லாம் அப்படியே இருக்கே, ஒரு ஓரத்தைத்தானே எடுத்தோம்" என்பார்கள். பிரேசிலின் மனாஸ் அருகே 1979 முதல் 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளை விட்டுவைத்துக் கவனித்து வருகிறார்கள். விளிம்பிலிருந்து சுமார் 100 மீட்டர் உள்ளே வரை காற்றும் வெயிலும் புகுந்து, மரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தன. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சதுரமான 10 ஹெக்டேர் துண்டில் நாலாபுறமும் 100 மீட்டர் கழித்தால் நடுவில் மிஞ்சுவது ஏறக்குறைய 1.35 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் துண்டோ மொத்தமும் ஓரம்தான். எனக்குத் தெரிந்து கூட்டத்தில் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் கணக்கு இது.

சரி, திட்டத்திலேயே இதைச் சேர்த்த ஊர் உண்டா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பிமா கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) சொல்வேன். 1997இல் ஒரு சின்னஞ்சிறு ஆந்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர, கட்டுமானங்களுக்குச் சிக்கல் வந்தது. ஆந்தைக்காக மனை மனையாகச் சண்டை போடாமல் மொத்தப் பரப்பையும் ஆய்வு செய்து, 2001இல் ஒரு பாதுகாப்பு வரைபடத்தைக் கவுண்டியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். முக்கியமான ஓடைக்கரைகளில் 95 சதவீதம், உயிரினங்கள் செறிந்த மையப் பகுதிகளில் 80 சதவீதம் இயற்கையாக விடப்பட வேண்டும். பெரும்பாலும் மண்டல மாற்றம் கேட்டு வருபவர்களிடம்தான் இது கேட்கப்படுகிறது. ஏற்கெனவே உரிமை உள்ளவர் கட்டினால் தடுப்பது கடினம். அதனால் 2004இல் நிலத்தை விலைகொடுத்தே வாங்க, 17 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள்.

ஆகவே உங்கள் பகுதித் திட்டம் அடுத்து எப்போது திருத்தப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். வரைவு வந்ததும் நிலவகைப் பெயர்களைப் பாருங்கள். புல்வெளியும் முட்புதர்க் காடும் 'தரிசு' என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல்லை மாற்ற வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கையில் தேதி, இடம் குறித்த பார்வைப் பதிவுகள் வேண்டும். "இங்கே நிறைய மான் வரும்" என்பது எடுபடாது. எந்த மாதம், எந்த ஓடை வழியாக என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள்.

"மேம்பாலம் கட்டித் தருகிறோம், விலங்குகள் போகட்டும்" என்ற சமாதானமும் வரும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 6 மேம்பாலங்களும் 38 சுரங்க வழிகளும், கூடவே வேலியும் போட்ட பிறகு விலங்குகள்மேல் வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது உண்மைதான். ஆனால் அங்கே பாலத்தின் இரு பக்கமும் பூங்கா நிலம். உங்கள் ஊரில் பாலம் இறங்கும் இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை கேட்டேன். வணிக மண்டலம் என்றார்கள்.