குறை தெரிந்த பிறகும் விமானத்தை ஏன் பறக்க விடுகிறார்கள்?

கேள்வி: "பயணிகள் விமானத்தில் ஒரு குறை இருப்பது தெரிந்தால் கட்டாய மாற்றம் செய்யச் சொல்லி உத்தரவு போடுகிறார்கள். ஆனால் அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடுவும் கொடுக்கிறார்கள். அதுவரை மக்களை ஏற்றிக்கொண்டு பறப்பது சரியா? விமான நிறுவனங்கள் தாங்களாகவே திருத்திக்கொள்ள மாட்டார்களா, உத்தரவு எதற்கு?"

முப்பத்தொரு வருடம் விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொல்லும் அந்த உத்தரவுக்கு ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் என்று பெயர். விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடமான ஹேங்கரில் ஏ.டி. என்றுதான் சொல்வோம். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

விமானத்தில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் தயாரிப்பாளர் முதலில் ஒரு சர்வீஸ் புல்லட்டின் அனுப்புவார். 'இந்த இடத்தில் இந்தத் தகட்டைச் சேருங்கள், இந்தப் போல்ட்டை மாற்றுங்கள்' என்று படத்தோடு இருக்கும். அது பரிந்துரை. தலைப்பில் 'அவசரம்' என்று எழுதியிருந்தாலும் பரிந்துரைதான். அதே வேலையை அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ., நம் ஊர் டி.ஜி.சி.ஏ. போன்ற, விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு ஏ.டி. என்று அறிவித்துவிட்டால் அது சட்டம். கெடுவுக்குள் செய்யாத விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஹேங்கரில் செய்கிற வேலை பல சமயம் இரண்டுக்கும் ஒன்றேதான், அதே தகடு, அதே போல்ட். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எனக்குப் புரிந்தது டிசி-10 விமானத்தின் சரக்குக் கதவைப் பற்றிப் படித்தபோது.

அந்தக் கதவின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயணிகள் ஏறும் கதவு பெரும்பாலும் அடைப்பான் போல. உள்ளே காற்றழுத்தம் ஏற ஏறச் சட்டத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டிசி-10-இன் சரக்குக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. சரக்கு வைக்க இடம் மிச்சமாகும், ஆனால் உயரே போகப் போக உள்ளழுத்தம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கொக்கிகள் முழுதாகப் பிடித்திருந்தால்தான் நிற்கும். மின்மோட்டார் கொக்கிகளைத் திருப்பும். பிறகு வெளியே இருக்கும் கைப்பிடியை ஒருவர் அழுத்தினால் பூட்டு ஊசிகள் கொக்கிகளுக்குப் பின்னால் போய் அமரும். கொக்கி முழுதாகத் திரும்பாமல் இருந்தால் கைப்பிடி அசையக் கூடாது. அதுதான் வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆனால் உள்ளே இருந்த கம்பிகள் வளைந்து கொடுத்தன. பலமாக அழுத்தினால், பூட்டாத கதவிலும் கைப்பிடி படிந்துவிடும், விமானி அறையில் எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும்.

1972 ஜூன் 12. டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 96. கைப்பிடி எளிதில் படியவில்லை என்று சரக்கு ஏற்றும் பணியாளர் முழங்காலால் அழுத்தி மூடியிருந்தார். கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே, சுமார் 11,750 அடி உயரத்தில், பின்பக்கச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கீழே சரக்கு அறையில் அழுத்தம் ஒரே நொடியில் காலி. மேலே பயணிகள் அறையில் அழுத்தம் அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் தரை என்ன ஆகும்? கீழ்நோக்கி மடிந்தது. வால்பகுதியை இயக்கும் கேபிள்கள் அந்தத் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. சில அறுந்தன, சில சிக்கிக்கொண்டன. கேப்டன் பிரைஸ் மெக்கார்மிக், இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்ப முடியுமா என்று முன்பே சிமுலேட்டரில் முயன்று பார்த்திருந்தவர். அந்தப் பயிற்சி 67 பேரின் உயிரைக் காத்தது. ஒருவரும் சாகவில்லை.

ஒருவரும் சாகாததால்தான் பாடம் முழுதாகப் படியவில்லையோ என்று நான் பல முறை நினைத்திருக்கிறேன். அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. இரண்டு பரிந்துரைகள் கொடுத்தது. பூட்டு முழுதாக விழாவிட்டால் கதவை மூடவே முடியாதபடி செய்ய வேண்டும். அழுத்தம் வெளியேற, பயணிகள் அறைத் தரையில் வழி விட வேண்டும். ஆனால் அந்த வாரியத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவிடும் அதிகாரம் எஃப்.ஏ.ஏ.-விடம். அதன் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகம் ஏ.டி.க்கான வேலையைத் தொடங்கியும் இருந்தது. அந்த நேரத்தில் எஃப்.ஏ.ஏ. தலைவர் ஜான் ஷாஃபரும் டிசி-10-ஐத் தயாரித்த மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் டக்ளஸ் பிரிவுத் தலைவர் ஜாக்சன் மெக்கவனும் தொலைபேசியில் பேசி, கண்ணியவான்களுக்குள் ஒரு வாய்மொழி ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஏ.டி. வேண்டாம், நிறுவனமே சர்வீஸ் புல்லட்டின் அனுப்பிச் சரிசெய்துவிடும்.

புல்லட்டின்கள் போயின. பூட்டு ஊசி தெரியும்படி கதவில் ஒரு அங்குல அளவுக்குக் கண்ணாடித் துளை. கம்பிகள் வளையாமலிருக்க ஒரு தாங்கு தகடு. ஊசிகள் இன்னும் ஆழமாகப் போகும்படி ஒரு மாற்றம். அதே ஜூன் மாதக் கடைசியில், கதவைத் தயாரித்துக் கொடுத்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வரும் இருபது ஆண்டுகளுக்குள் இந்தக் கதவுகள் திறந்துகொள்வது தவிர்க்க முடியாதது, அப்படித் திறந்தால் பெரும்பாலும் விமானமே போய்விடும் என்பது அதன் சாரம். திருத்தும் செலவு யார் தலையில் விழும் என்ற கவலையில் அந்தக் குறிப்பு டக்ளஸுக்குப் போகவேயில்லை.

இருபது ஆண்டு ஆகவில்லை, இருபத்தொரு மாதத்தில் நடந்துவிட்டது. 1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. துருக்கி ஏர்லைன்ஸ் 981, பாரிஸ் ஓர்லியிலிருந்து லண்டனுக்கு. பிரிட்டிஷ் விமான நிறுவனம் ஒன்றில் வேலைநிறுத்தம் நடந்ததால் அங்கே இடம் கிடைக்காத பலர் கடைசி நேரத்தில் இதில் ஏறியிருந்தார்கள். சுமார் 12,000 அடியில் அதே பின்கதவு. தரை இடிந்து, ஆறு பயணிகள் இருக்கைகளோடு வெளியே இழுக்கப்பட்டார்கள். இந்த முறை கேபிள்கள் மிஞ்சவில்லை. சுமார் ஒன்றேகால் நிமிடத்தில் எர்மனான்வீல் காட்டில் விழுந்தது. 346 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

கதவை மூடிய பணியாளர் மேல் முதலில் பழி போட்டார்கள். கதவில் இருந்த எச்சரிக்கை அவர் படிக்கத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. கண்ணாடித் துளை வழியே எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. முழங்காலுக்கும் வேலை இருக்கவில்லை. கைப்பிடி இயல்பாகவே படிந்தது. ஏன் தெரியுமா? அந்த விமானத்தில் தாங்கு தகடு போடப்படவே இல்லை. ஊசிகளும் ஆழமாகப் போவதற்குப் பதிலாக முன்னைவிடக் குறைவாகப் போகும்படி தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தன. ஆனால் தொழிற்சாலைப் பதிவேட்டில், 1972 ஜூலையில், வேலை முடிந்தது என்று பரிசோதகர்களின் முத்திரை இருக்கிறது.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் லைசென்ஸ் வாங்கிய புதிதில் வெளிநாட்டிலிருந்து குத்தகைக்கு ஒரு பழைய விமானம் எங்களிடம் வந்தது. கூடவே ஏ.டி. நிலவரப் பட்டியல் ஒன்று, நூற்றுக்கும் மேல் வரிகள், எல்லாவற்றுக்கும் எதிரே 'முடிந்தது'. எரிபொருள் டேங்குக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு வயர் கட்டுக்குப் புது உறை போட வேண்டிய ஏ.டி.யும் அதில் இருந்தது. "முடிஞ்சதுன்னு பேப்பர்ல இருக்கு சார்" என்றேன் என் மூத்த பொறியாளரிடம். அவர் நிமிராமலே, "பேப்பரை நானும் பாத்துட்டேன் தம்பி, நீ பேனலைத் திற" என்றார். நாற்பது ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். பழைய உறைதான் இருந்தது. ஓரிடத்தில் உராய்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. விமானத்தை நிறுத்தினோம், டி.ஜி.சி.ஏ.-வுக்கு எழுதினோம், பாகம் வந்து வேலை முடியும் வரை அது நகரவில்லை. நிறுத்தி வைக்கும் பலத்தை எங்களுக்குக் கொடுத்தது அந்த ஏ.டி. எண் மட்டும்தான். அது வெறும் புல்லட்டினாக இருந்திருந்தால், 'அடுத்த பெரிய செக்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

நிறுவனங்கள் தாங்களாகவே திருத்திக்கொள்ளாதா என்று கேட்டீர்கள். பல நிறுவனங்கள் செய்கின்றன, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் செய்யாத ஒன்றின் விமானத்திலும் 300 பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பாரிஸ் விபத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே கதவுக்கு ஏ.டி. வந்தது, பூட்டு அமைப்பே மாற்றப்பட்டது. 1975-இல் இன்னொன்று: டிசி-10 மட்டுமல்ல, போயிங் 747, லாக்ஹீட் எல்-1011, ஏர்பஸ் ஏ300 எல்லாவற்றிலும் தரையைப் பலப்படுத்தி, அழுத்தம் வெளியேற வழி வைக்க வேண்டும் என்று. என்.டி.எஸ்.பி. 1972-இலேயே கேட்டது இதைத்தான்.

இனி கெடு. எல்லா ஏ.டி.க்கும் ஒரே கெடு கிடையாது. 'அடுத்த பறப்புக்கு முன்' என்று வருவதும் உண்டு. அந்தத் தாள் வந்த நிமிடத்தில் விமானம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆறு மாதம், இத்தனை ஆயிரம் பறப்பு என்று வருவது வேறு வகைக் குறைகளுக்கு. உதாரணத்துக்கு உலோக விரிசல். அது எவ்வளவு வேகத்தில் வளரும் என்பதைச் சோதித்துக் கணக்கிட முடியும். ஆபத்தான நீளத்தை எட்டும் முன்பே ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்ணில் பட வாய்ப்பிருக்கும்படி பரிசோதனை இடைவெளியை வைப்பார்கள். மாற்றுப் பாகம் தயாராகும் வரை இந்தத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வேலைதான் காவல். ஆகவே நீளமான கெடு என்றாலே அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கை நான் நம்பிக் குடும்பத்தோடு பறந்திருக்கிறேன், இனியும் பறப்பேன்.

ஆனால் கணக்கு நேர்மையாகப் போடப்பட வேண்டும். 2018 அக்டோபர் 29-இல் லயன் ஏர் 610 ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். போயிங் 737 மேக்ஸ். ஒரே ஒரு சென்சார் தவறாகச் சொன்னதை நம்பி, எம்கேஸ் என்ற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. நவம்பர் 7-இல் அவசர ஏ.டி. வந்தது. அதில் விமானத்தில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. விமானிகளின் கையேட்டில் சில வரிகளைச் சேர்க்கச் சொன்னது, அவ்வளவுதான். மென்பொருளைத் திருத்தாவிட்டால் இந்த ரகத்தின் ஆயுட்காலத்தில் பதினைந்து விபத்துகள் வரை நடக்கலாம் என்று எஃப்.ஏ.ஏ.-வே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தது. திருத்தம் வரும்வரை தாங்கும் என்று நினைத்தார்கள். 2019 மார்ச் 10, எத்தியோப்பியன் 302, 157 பேர். அதன் பிறகு உலகம் முழுக்க மேக்ஸ் தரையில் நின்றது. 2020 நவம்பரில் வந்த ஏ.டி.தான் மென்பொருளையே மாற்ற வைத்தது, இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்ட பிறகே செயல்படும்படி. கெடுவைப் பற்றிய உங்கள் சந்தேகம் இந்த இடத்தில் முழுக்க நியாயமானது. கையேட்டில் ஒரு தாளைச் செருகுவதைக் கட்டாய மாற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொன்று: எல்லாக் கட்டாய மாற்றமும் ஏ.டி. வழியாக வருவதில்லை. ஒரு ரக விமானத்தின் குறைக்குத்தான் ஏ.டி. எல்லா ரகத்துக்கும் பொதுவானதை விதியாகவே கொண்டுவருவார்கள். கழிவறையில் 'புகை உணர்வியைத் தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறதே, அந்த உணர்விக்குப் பின்னால் 1983-இல் சின்சினாட்டியில் எரிந்த ஏர் கனடா 797 விமானம் இருக்கிறது, அதில் 23 பேர் இறந்தார்கள். நம் நாட்டில், 1996 நவம்பர் 12-இல் சர்கி தாத்ரிக்கு மேலே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் வானிலேயே மோதி 349 பேர் இறந்த பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது.

ஏ.டி.கள் ரகசியம் இல்லை. எஃப்.ஏ.ஏ., ஈ.ஏ.எஸ்.ஏ. இணையதளங்களில் நீங்கள் ஏறப்போகும் விமானத்தின் ரகத்தைக் கொடுத்துத் தேடினால் நீளமான பட்டியல் வரும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாற்பது வருடமாகப் பறக்கும் ரகத்துக்கு அப்படித்தான் இருக்கும். எஃப்.ஏ.ஏ.-வின் ஏ.டி. எதைத் திறந்தாலும் தொடக்கத்திலேயே அந்த உத்தரவு எதனால் பிறந்தது என்று ஒரு வரி இருக்கும்: எங்கோ ஒரு விரிசல், எங்கோ ஒரு புகை, எங்கோ ஒரு பொறியாளர் எழுதி அனுப்பிய அறிக்கை. அந்த வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். புரியாத இடத்தைக் கருத்துப் பகுதியில் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.