கழிவறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறேன்

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது குழந்தைக்கு ஐந்து மாதம். மதிய இடைவேளையில் ஒருமுறை மட்டும் கழிவறையில் நின்றபடி பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறேன். தனியிடமும் சிறிது நேரமும் கேட்டபோது, அப்படியொரு வழக்கமே இல்லை என்றார் மேலதிகாரி. மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது, பாலும் குறைகிறது. என்ன செய்வது?

பதில்: பால் குறைவது உங்கள் உடலின் குறை அன்று, சகோதரி. எடுக்க எடுக்கச் சுரப்பதும் தேங்கினால் அடங்குவதும் தாய்ப்பாலின் இயல்பு. வீட்டில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தை குடித்த பாலை, இப்போது வேலைநேரம் முழுவதற்கும் ஒரே முறை, அதுவும் யார் கதவைத் தட்டுவார்களோ என்ற பதற்றத்தோடு எடுக்கிறீர்கள். பாலை இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை அந்தப் பதற்றமே தடுக்கக்கூடும். ஆகவே தாழ்ப்பாளும் நாற்காலியும் கைகழுவும் வசதியும் உள்ள ஓர் அறையைத் தயங்காமல் கேளுங்கள். குழந்தையின் உணவைக் கழிவறையில் எடுக்கும்படி எந்தத் தாயையும் விடக்கூடாது.

வழக்கமே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் தரவேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1919-லேயே கூறியது. அதே அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இந்த இடைவேளையை ஊதியத்துடன் கூடிய வேலைநேரமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது. ஏற்று உறுதிசெய்த நாடுகளையே இவை கட்டுப்படுத்தும் என்பதால், உங்கள் பணிவிதிகளில் மகப்பேறு பற்றிய பகுதியை முதலில் படித்துப் பாருங்கள். பிறகு வாய்மொழியாகக் கேட்பதை விட்டு, எத்தனை முறை, எந்தெந்த நேரம், எவ்வளவு நிமிடம், எந்த அறை என்று குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக மறுப்பது எளிது. கோப்பில் மறுப்பை எழுதிக் கையெழுத்திட அதிகாரிகள் தயங்குவார்கள்.

எடுத்த பாலைக் கொட்டவும் வேண்டாம். சுத்தமான மூடியுள்ள கலத்தில் எடுத்தால் 25 பாகை செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும் கெடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை என்பதால், இந்த ஏற்பாடு சில வாரங்களோடு முடிவதும் அன்று. விண்ணப்பத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

மார்பில் சிவப்பும் காய்ச்சலும் கண்டால் விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.