விற்பவர் அனுப்பும் மெக்கானிக் யாருடைய ஆள்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு, "சுயேச்சையான ஆய்வாளர் பார்க்காத பழைய காருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்க வேண்டியதாகிவிட்டது. சரி, ஆரம்பிக்கலாம்.

கே: நான் பார்த்து வைத்திருக்கும் கார் "200 இடங்களில் சோதித்துச் சான்றளிக்கப்பட்டது" என்ற அட்டையோடு நிற்கிறது. இதற்கு மேல் தனியாக ஒரு ஆளுக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது வெட்டிச் செலவு என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?

ப: கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்த 200 இடங்களையும் சோதித்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? விற்கும் நிறுவனம்தானே. அதற்காக அந்த அட்டை பொய் என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காகப் பார்க்கும் இடங்களும் இருக்கின்றன, ஆனால் கார் விற்றுப் போனால்தான் சோதித்தவருக்கும் நல்லது என்ற நிலையில் அந்தச் சோதனை தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்துவது மாதிரிதான். எண்ணிக்கையிலும் மயங்க வேண்டாம். சேஸிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்பதும் அந்தக் கணக்கில் ஒன்று, உள்விளக்கு எரிகிறதா என்பதும் ஒன்று.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்தக் காரானாலும் நடுத்தர விலைக்கு மேல் தரத் துணிய மாட்டார், நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் விலகிவிடுவார், கடைசியில் சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் அந்தக் குறையைத் தெரிய வைக்கத்தான் ஆய்வு. அதையும் விற்பவரே செய்து கொடுத்தால் நீங்கள் இருந்த இடத்திலேயேதான் இருப்பீர்கள்.

ஆகவே ஆய்வாளர் விற்பவர் சிபாரிசு செய்தவராக இருக்கக் கூடாது. புரோக்கர் கூட்டி வந்தவரும் வேண்டாம். "இந்தப் பழுதை எல்லாம் நானே சரிசெய்து தருகிறேன்" என்று கடைசியில் தன் ஒர்க்‌ஷாப்புக்கு அழைப்பவரிடமும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், அவருக்குப் பழுது அதிகமாகத் தெரிவதில் லாபம் இருக்கிறது. நீங்கள் கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டணம் ஒன்றே என்பவர்தான் உங்கள் ஆள்.

கே: என் மச்சான் பல வருட அனுபவமுள்ள மெக்கானிக். அவர் பார்த்தால் போதாதா?

ப: தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ரிப்பேர் பார்ப்பதும் ஆய்வு செய்வதும் வேறு வேறு வேலை. மெக்கானிக் நீங்கள் சொல்லும் பழுதைத் தேடுபவர், ஆய்வாளர் யாரும் சொல்லாத பழுதைத் தேடுபவர். மச்சானிடம் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதா, காரில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களையும் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா, வண்டியைத் தூக்கி வைத்து அடியில் பார்க்க லிஃப்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் வெளி ஆள் தேவையில்லை. இல்லையென்றால் பாவம், நாளைக்கு ஏதாவது ஆனால் வீட்டு விசேஷங்களில் அவர் தலை உருளும்.

கே: ஏழு வருடக் கார், மீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. டிஜிட்டல் மீட்டரைக் குறைக்க முடியாது என்று ஓனர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

ப: ஓனர் சொல்வது தவறு. பழைய முள் மீட்டரையாவது கழற்றித் திருப்ப வேண்டும். டிஜிட்டலில் ஒரு கருவியைச் சொருகி எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட கார்கள் பொய்யான மீட்டர் எண்ணோடு விற்கப்படுவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் 2006-லிருந்து கார்-பாஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் கிலோமீட்டர் ஒரு பொதுப் பதிவில் ஏறிவிடும், விற்பவர் அந்தச் சான்றை வாங்குபவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். அதன்பின் அங்கே இந்த மோசடி வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படி ஒரு வசதி இல்லாத இடத்தில் காரைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

முதலில் பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். 38,000-ல் அந்த வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகாது. ஏழு வருடக் காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் எனக்கு இன்னும் அதிகமாகச் சந்தேகம் வரும். அடுத்து டிரைவர் சீட்டில் கதவுப் பக்கத்து ஓரம். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடம்பு உரசும் இடம் அது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடத்துப் பளபளப்பையும் கியர் குமிழையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். நான்கு டயரும் காரைவிட மூன்று வருடம் இளையவை என்றால், முதல் செட் டயர் அதற்குள் எப்படித் தேய்ந்தது என்று கேளுங்கள். ஆணி கிழித்து மாற்றினேன் என்று ஒரு டயருக்குச் சொல்லலாம், நான்குக்கும் சொல்ல முடியாது.

இதெல்லாம் ஊகம்தான். ஆதாரம் வேண்டுமென்றால் சர்வீஸ் பில்கள், இன்ஷூரன்ஸ் பேப்பர், பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் உள்ள கிலோமீட்டரைத் தேதி வரிசையில் எழுதிப் பாருங்கள். ஒரு இடத்திலாவது எண் பின்னால் போயிருந்தால் முடிந்தது. பல கார்களில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் போன்ற வேறு இடங்களிலும், சில கார்களில் சாவியிலும்கூட கிலோமீட்டர் பதிவாகிறது. முன்னால் உள்ள மீட்டரை மாற்றுபவர்கள் அதையெல்லாம் மாற்ற மறந்துவிடுவது உண்டு. நல்ல ஆய்வாளர் தேடிப் போவது அங்கேதான்.

கே: "சின்னக் கீறல், அதற்காக ஒரு கதவு மட்டும் பெயிண்ட் அடித்தோம்" என்கிறார்கள். உண்மையில் பெரிய விபத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பெயிண்ட் தடிமனை அளந்து பாருங்கள். கம்பெனி பெயிண்டின் தடிமன் பெரும்பாலும் 80-லிருந்து 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும், காருக்குக் கார் கொஞ்சம் மாறும். மேலே இன்னொரு முறை பெயிண்ட் அடித்திருந்தால் 200, 300 என்று ஏறும். ஆயிரத்தைத் தாண்டினால் அது வெறும் பெயிண்ட் அல்ல, உள்ளே பட்டி அப்பியிருக்கிறது, அதாவது தகடு நசுங்கியிருந்தது. காரைச் சுற்றி ஒவ்வொரு தகட்டிலும் சில இடங்களில் அளந்து எழுதினால் கதை தானாக வெளியே வரும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. அலுமினியத் தகட்டுக்கு அதற்கேற்ற கருவி வேண்டும், இல்லாமல் அளந்து "சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

கதவில் பெயிண்ட் அடித்தது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. கூரையைத் தாங்கும் தூண்களிலும் பானட்டுக்குக் கீழே முன்பக்கம் நீளும் சட்டங்களிலும் வெல்டிங் தழும்பு இருந்தால்தான் பயம். அடுத்த மோதலில் அந்த இடம் எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பானட்டையும் கதவையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்து ஸ்பானர் தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனியில் பூட்டியபடியே இருந்தால் பெயிண்ட் முழுசாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அந்த விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கி வைத்திருக்கலாம், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமலே மூடி ஒட்டியிருக்கலாம்.

அப்புறம் சேஸிஸ் நம்பர். 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது, அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது, 1, 0 என்று குழம்பக் கூடாதே என்பதற்காக. பாடியில் குத்தியிருப்பதும் தகட்டில் இருப்பதும் பதிவுச் சான்றில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். குத்திய இடத்தைச் சுற்றி உலோகம் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

கே: வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்கிறார்களாமே, வெளியில் பார்த்தால் தெரியுமா?

ப: வெளியில் தெரியாது. 2005-ல் கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்காவில் மூழ்கிய கார்கள் சுத்தம் செய்யப்பட்டு, புயலே வராத மாநிலங்களில் விற்பனைக்கு நின்றன. அதனால் "எங்கள் பக்கம் வெள்ளமே இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அது முடியும் இடம் வரை. வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியில்தான் பழுப்பாக நீர்க்கோடு நிற்கும், கழுவுபவர்கள் அதுவரை போவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்குரூக்களிலும் சீட் நகரும் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் விரலைவிட்டு மண் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஈரக் கார்ப்பெட் நாற்றம் எழும்பி வரும்.

இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், மூழ்கிய கார் வாங்கிய அன்று நன்றாகவே ஓடும். ஒயர்கள் சேரும் கனெக்டர்களுக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். ஏர்பேக்கை வெடிக்கச் சொல்லும் பெட்டி பெரும்பாலான கார்களில் தரையை ஒட்டி, கியர் பக்கத்தில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக அரிக்கும்.

கே: ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், ஒரு பிழையும் இல்லை என்று வந்தது. நிம்மதியாக வாங்கலாம்தானே?

ப: பிழை இல்லையா, அழிக்கப்பட்டதா? காலையில் பிழைகளை அழித்துவிட்டு மதியம் காரைக் காட்டுவது சர்வசாதாரணம். ஆனால் அழித்தால் ஒரு தடயம் விழும். ஆக்சிஜன் சென்சார், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போன்றவற்றை கம்ப்யூட்டர் தானே சோதித்து "தயார்" என்று குறித்து வைத்திருக்கும், பிழையை அழித்ததும் அந்தக் குறிப்புகளும் போய் "தயார் இல்லை" என்றாகிவிடும். மறுபடி தயாராகக் கொஞ்ச நாள் வெவ்வேறு வேகத்தில் ஓட வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இப்படி ஆகும், எனவே உடனே சண்டைக்குப் போகாமல் சில நாள் கழித்து மறுபடி வந்து பாருங்கள். மலிவான ஸ்கேனர்கள் என்ஜினை மட்டுமே படிக்கும், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக், கியர்பாக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

நீங்கள் போய்ச் சேரும்போது என்ஜின் சூடாக இருக்கக் கூடாது. பானட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தால் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், முதல் ஸ்டார்ட்டில்தான் சத்தமும் புகையும் உண்மை பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது.

கே: "ஆய்வெல்லாம் வேண்டாம், வேறொருவர் இன்றே பணத்தோடு வருகிறார்" என்கிறார் விற்பவர்.

ப: அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

கே: ஆய்வு செய்துதான் வாங்கினேன். மூன்றே வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. ஆய்வாளரைக் கேட்டால் "அதை நான் திறந்து பார்க்கவில்லை" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

ப: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆய்வு என்பது அன்றைக்கு, கழற்றாமல், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டியதைச் சொல்வது. அது உத்தரவாதம் ஆகாது. கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க எந்த ஓனரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் அவர் ஓட்டிப் பார்த்தாரா, ஒவ்வொரு கியரிலும் போட்டாரா, ஆட்டோமேட்டிக் என்றால் நெடுஞ்சாலை வேகத்துக்குக் கொண்டுபோனாரா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். எடுத்துப் பாருங்கள். "டெஸ்ட் டிரைவ் செய்யவில்லை" என்று ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தால் அவர் மேல் கேஸ் நிற்பது கஷ்டம். ஓட்டியதாக எழுதிவிட்டு ஓட்டாமல் இருந்திருந்தால் அது வேறு விஷயம், அதை விடாதீர்கள்.

விற்பவர் பக்கமும் பாருங்கள். வியாபாரியிடம் வாங்கினீர்களா, தனிநபரிடமா என்பதைப் பொறுத்துப் பல நாடுகளில் சட்டம் மாறும். பிரிட்டனில் 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற காரில் விற்கும்போதே கோளாறு இருந்தது என்று காட்ட முடிந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். தனிநபர் விற்றால் அந்த உரிமை இல்லை, விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். எனவே விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், "கியர்பாக்ஸ் கண்டிஷன் சூப்பர்" என்று அவர் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இன்னொரு ஆளிடம் காரைக் காட்டி, இந்தத் தேய்மானம் மூன்று வாரத்தில் வரக்கூடியதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிப் புதுசு போட்டுவிட்டால் பழைய பாகம் பேசாது, அதனால் அதைக் குப்பையில் போட விடாமல் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.