கம்ப்யூட்டர் கேள்வி - பதில்: மூன்று ஆன்டிவைரஸ், ஒரு லேப்டாப்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11, ராம் 4 ஜிபி. கூடவே வந்த ஆன்டிவைரஸின் காலம் முடிந்துவிட்டது. ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது’ என்று தினமும் ஒரு சிவப்புப் பெட்டி வந்து பயமுறுத்துகிறது. தெருமுனைக் கடைக்காரத் தம்பி வருடத்துக்கு 800 ரூபாய் ஆகும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் இலவசமாகக் கிடைக்கிற இரண்டை ஏற்றிக் கொடுத்துவிட்டான். இப்போது லேப்டாப் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. எதை வைத்துக்கொள்ளட்டும்? - ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: மூன்றையும் எடுத்துவிடுங்கள் ஐயா. பதற வேண்டாம், நாலாவதாக ஒன்று உள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே மைக்ரோசாஃப்ட் தன் சொந்த ஆன்டிவைரஸை விண்டோஸுக்குள் வைத்துத்தான் தருகிறது. பெயர் டிஃபெண்டர். ஆரம்பத்தில் அதை யாரும் மதிக்கவில்லை, நானும் சிபாரிசு செய்ததில்லை. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகியவை ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் அமைப்புகள். அவற்றின் சோதனைகளில் காசு கொடுத்து வாங்குகிறவற்றுக்கு இணையாக அது நிற்கிறது. மின்னஞ்சல், பேங்க், பென்ஷன் விவரம், பேரனோடு வீடியோ கால் என்று இருக்கும் வீட்டுக்கு அது போதும்.

பிறகு ஏன் அது உங்கள் கண்ணில் படவில்லை? வேறொரு ஆன்டிவைரஸ் ஏறினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு மூன்று பேர் வழிமறித்துச் சோதித்தால் 4 ஜிபி ராம் என்ன செய்யும்? விண்டோஸ் 11 ஓடுவதற்கே குறைந்தபட்சம் அவ்வளவு வேண்டும். உங்கள் லேப்டாப் மந்தமானதற்குக் காரணம் வைரஸ் இல்லை, வைரஸுக்கான காவல்தான் என்று நினைக்கிறேன்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் மூன்றையும் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அடம் பிடிக்கிற ஆன்டிவைரஸ்களை நீக்குவதற்கென்றே பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் தனிக் கருவி வைத்திருக்கின்றன. முடிந்ததும் ரீஸ்டார்ட். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்தால் பச்சை டிக் தெரிய வேண்டும். தெரிந்தால் சரி, வேலை முடிந்தது. சந்தேகம் தீராத நாளில் அதிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் சிக்கும்.

இலவச ஆன்டிவைரஸே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவாஸ்ட் நம் ஊரிலும் பல வீடுகளில் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரம் ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் வழியாக விற்கப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. இன்னொரு இலவச ஆன்டிவைரஸான ஏவிஜியை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதை 2016-லேயே அவாஸ்ட் வாங்கிவிட்டது. அவிரா, நார்ட்டன் எல்லாம் இன்று அதே குடும்பம்தான். கடையில் நாலு பெட்டி, முதலாளி ஒருவர்.

800 ரூபாயைக் கடைத் தம்பியிடம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், ராமை 8 ஜிபியாக்க முடியுமா என்று கேட்டு அதற்கு முன்பணமாகக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆசிரியர் என்பதால் ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவோடு போகிறவராக இருப்பீர்கள். திரும்பி வந்து செருகும்போது ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் இரட்டை க்ளிக் செய்யாதீர்கள். அந்த க்ளிக்குக்காகத்தான் வைரஸ் காத்திருக்கிறது. உங்கள் ஃபைல்கள் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். முதலில் பென் டிரைவின் மேல் ரைட் க்ளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பென் டிரைவே வேண்டாமென்று வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். ஆனால் ஆதார் நகலெல்லாம் கடைக்காரர் போனில் தங்கிவிடும், அது வேறு தலைவலி.

கேள்வி: விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. நல்ல இலவச ஆன்டிவைரஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாமா? - ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: டைப் அடிக்க, பாட்டு கேட்க ஓட்டலாம். இணையத்தோடு இணைத்து, அதிலும் பேங்க் வேலைக்கு, வேண்டாம்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் நின்றது. 2023-லிருந்து புதிய குரோமும் அதில் ஏறாது. சிஸ்டத்திலேயே இருக்கும் ஓட்டையை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகத்தையே ஆட்டியதே, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள், அதில் பெரும்பாலும் விண்டோஸ் 7. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கு மட்டும் 2028 வரை அப்டேட் வரும் என்றாலும் அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்கலாம். இலவசம், தமிழும் அடிக்கலாம். போடுவதற்கு முன் போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துவிட்டு, ஒயரைக் கழற்றி வையுங்கள். அப்படியே மாட்டி வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

கேள்வி: கீழ் மூலையில் ‘5 வைரஸ்கள் உள்ளன, உடனே க்ளிக் செய்யவும்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேன் செய்தால் ஒன்றுமில்லை என்கிறது. எது உண்மை? - ஒரு கல்லூரி மாணவர், சேலம்.

பதில்: ஸ்கேன் சொல்வதுதான் உண்மை. ஏதோ ஒரு தளத்தில் ‘அலோ’ பட்டனைத் தட்டியிருக்கிறீர்கள், படம் டவுன்லோடு செய்யும் தளமாக இருக்கலாம், நான் கேட்கவில்லை. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே தெரியாத பெயர்களை எல்லாம் பிளாக் செய்யுங்கள், உடனே நிற்கும். அந்தப் பெட்டியில் போன் நம்பர் இருந்தால் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே கூப்பிட்டுப் பணமும் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். அதே தளத்தில் ‘கிராக்’ சாஃப்ட்வேர் (காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்தது) எடுத்து, ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்ற குறிப்புப்படி செய்தும் இருந்தால், முதல் பதிலில் சொன்ன ஆஃப்லைன் ஸ்கேனை இன்றே ஓடவிடுங்கள்.