கதியால் எண்ண வைத்த ஆசிரியர்

கேள்வி: எங்களுக்குச் செய்நிரலாக்கம் கற்பித்த ஆசிரியரின் முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. உவர்மலையில் தம் வீட்டு விறாந்தையில் இரண்டு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் படிப்பித்தவர் அவர். மாணவர்கள் வெளியிடும் நினைவு மலருக்கு என்னைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘அன்பானவர், பண்பானவர்’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. ஒரு லூப், அதாவது நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, எத்தனை தடவை ஓடும் என்பதை நான் எப்போதும் ஒன்று பிசகியே எழுதுவேன். ஒருநாள் சேர் என்னை முற்றத்துக்கு அழைத்துப் போய் வேலிக் கதியால்களை எண்ணச் சொன்னார். இதையெல்லாம் எழுதினால் சிரிப்பார்கள் அல்லவா? அவர் எழுதிய நிரல் ஒன்றை மலரில் அச்சிடுவது பொருந்துமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருகோணமலை

பதில்: கட்டுரையின் முதற் பந்தியை எழுதி அனுப்பிவிட்டு, எழுத வரவில்லை என்கிறீர்கள். 30 அடி வேலிக்கு 3 அடிக்கு ஒன்றாகக் கதியால் நட்டால் இடைவெளிகள் 10, கதியால்கள் 11. இந்தப் பிசகுக்கு நிரலாளர்கள் ‘வேலிக்கம்பத் தவறு’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். உங்கள் ஆசிரியர் அந்தப் பெயரை முதலில் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கலாம். அவரோ உங்களை வெயிலில் நிறுத்தி, ஒவ்வொரு கதியாலாகத் தொட்டு எண்ண வைத்து, பிசகு எங்கே நுழைகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்திருக்கிறார். அந்தக் காத்திருப்பைத்தான் மலரில் எழுத வேண்டும். நீங்கள் முதலில் எத்தனை என்று சொன்னீர்கள், அவர் அப்போது என்ன செய்தார், மறுபடி எண்ணியபோது என்ன நடந்தது என்பவற்றை நடந்தபடியே எழுதுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அவரிடம் படித்தவர்கள் என்றால் தங்கள் பிசகும் நினைவுக்கு வந்துதான் சிரிப்பார்கள்.

மற்ற மாணவர்களிடமும் இதையே கேளுங்கள்: சேர் திருத்திய ஒரு தவறு, அவர் திருத்திய விதம், அவ்வளவுதான். இல்லாவிட்டால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பதவிப் பெயர்களோடு இரங்கற் செய்திகள் வந்து பக்கங்களை நிரப்பிவிடும். இப்படிப் பல மலர்களைப் பார்த்திருக்கிறேன்; அவற்றில் இறந்தவரைவிட எழுதியவர்களைப் பற்றியே அதிகம் தெரிந்துகொண்டேன்.

நிரலைத் தாராளமாக அச்சிடுங்கள். கோணமலைப் பதிகத்துக்கு அடுத்த பக்கத்தில் பாஸ்கல் நிரலா என்று ஓரிரு பெரியவர்கள் கேட்கக்கூடும். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட அந்த மொழியே கற்பிப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். மறைந்தவரை நிரலாலேயே நினைவுகூரும் வழக்கம் நிரலாளர் உலகிலும் உண்டு. டெபியன் என்ற இலவச இயங்குதளத்தின் 2017இல் வெளிவந்த 9ஆம் பதிப்பு, அத்திட்டத்தைத் தொடங்கி 2015இல் மறைந்த இயன் மர்டொக்குக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

ஒரே பக்கத்தில் அடங்கும் சிறு நிரலாகத் தெரிந்தெடுங்கள். அச்சகத்தில் பக்கம் அமைப்பவர்கள் இரு ஓரமும் சமப்படுத்தி, வரிகளின் உள்தள்ளலை அழித்துவிடுவார்கள். பாஸ்கலில் அது வாசிப்பைத்தான் கெடுக்கும். பைதன் என்ற நிரல் மொழியில் உள்தள்ளலே இலக்கணம் என்பதால் நிரலே பிழையாகிவிடும். எல்லா எழுத்துகளும் ஒரே அகலமுள்ள எழுத்துரு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அச்சுப்படி வந்ததும் யாராவது ஒருவர் அதைப் பார்த்துத் தட்டெழுதி ஓட்டிப் பார்க்கட்டும். பிழையான நிரலோடு வரும் மலரை உங்கள் ஆசிரியர் மன்னித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: (அதே வாசகி) அவருடைய அலுமாரியில் ஒரு பெட்டி நிறைய நெகிழ்வட்டுகளும் (ஃபுளொப்பி) கையெழுத்துக் குறிப்புகளும் இருக்கின்றன. எடுத்துப் போகும்படி அவருடைய துணைவியார் சொல்கிறார். இவற்றால் இனிப் பயனுண்டா?

பதில்: உண்டு, ஆனால் அவசரப்பட வேண்டாம். மூன்றரை அங்குல நெகிழ்வட்டு 1.44 மெகாபைட்தான் கொள்ளும். அதன் காந்தப் பூச்சு காலத்தோடு வலுவிழக்கும், ஈரக் காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை தெரியும் வட்டை அப்படியே உள்ளே செலுத்தினால் வட்டோடு கருவியும் பழுதாகும். மற்றவற்றில் மூலையிலுள்ள சிறு தடுப்பை நகர்த்தித் துளையைத் திறந்து வைத்த பின்னரே செலுத்துங்கள். அப்போது வட்டில் தவறுதலாக எதுவும் எழுதப்படாது. யூஎஸ்பி வழியாக இணைக்கும் வாசிப்பான்கள் இதற்குப் போதும். பாஸ்கல் நிரல்கள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் அவற்றைத் திறப்பது சிரமமன்று. டேர்போ பாஸ்கல் என்ற பழைய மென்பொருளில் எழுதியவை பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீ பாஸ்கலில் ஓடும். தமிழ்க் குறிப்புகள் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரிந்தால் அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுதியிருப்பார், இன்றைய பொதுக் குறிமுறையான ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துத் தாள்களை வட்டுகளைவிட முக்கியமாகக் கருதுகிறேன். 2002இல் மறைந்த கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா, எண்ணிட்டு எழுதிய 1300க்கும் மேற்பட்ட குறிப்புகளிற் பெரும்பாலானவை பேனாவால் எழுதப்பட்டவை. டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவற்றைப் பாதுகாத்து, இன்று யாரும் வாசிக்கக்கூடியதாக வைத்திருக்கிறது. உங்கள் ஆசிரியரின் தாள்களையும் அடித்தல் திருத்தல்களோடு, வரிசை குலையாமல் ஸ்கான் செய்யுங்கள். நினைவு மலர்களையும் சேகரிக்கும் நூலகம் நிறுவனத்துக்கு மலரின் ஒரு பிரதியைக் கொடுங்கள்.

எதையும் வெளியிடுமுன் துணைவியாரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை உண்டு. அது ஆசிரியர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். பெட்டியில் குடும்பக் கடிதங்கள் இருந்தால் வாசிக்காமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள். மாணவர்களின் புள்ளிப் பட்டியல்களும் அகப்படக்கூடும். உங்களுடையது உட்பட, அவை மலருக்கு வேண்டாம்.