புலிட்சர், எல்லிங்டன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வாழ்கிறேன். என் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பைப் பதிப்பாளர் புலிட்சர் விருதுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்குக் கிரீன் கார்டுதான். அடுத்த பதிப்பின் அட்டையில் ‘புலிட்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டது’ என்று போடலாம் என்கிறார். போடலாமா? நடுவர்கள் தேர்ந்தெடுத்த பிறகும் சில ஆண்டுகள் விருதே கொடுப்பதில்லையாமே, ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கிரீன் கார்டு தடையில்லை. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்றிருந்த விதியை 2023-ல் மாற்றிவிட்டார்கள்.

அட்டையில் போடவே கூடாது. 75 டாலர் கட்டணத்தோடு அனுப்பினால் எந்தப் புத்தகமும் போட்டிக்குள் வந்துவிடும். நடுவர்கள் கடைசியில் தேர்ந்தெடுப்பவைதான் பரிந்துரை பெற்றவை. நல்ல கதை எழுதத் தெரிந்தவருக்கு இந்தப் பொய் எதற்கு அம்மா?

கொஞ்சநாளாக என் மனதை அரிப்பது உங்கள் கடைசிக் கேள்விதான். புலிட்சரில் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலிடம், இரண்டாமிடம் என்றில்லாமல் மூன்று பெயர்களை மேலே அனுப்புவார்கள். முடிவெடுப்பது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடும் வாரியம். எதற்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் விருது இல்லை. 2012-ல் புனைவுக்கு அப்படித்தான் ஆனது. நடுவர்கள் முந்நூறு புத்தகங்களைப் படித்து, சலித்தெடுத்து அனுப்பிய மூன்றும் அப்படியே நின்றுபோயின.

புலிட்சர் இசைக்கும் உண்டு. அதில் 1965-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. வந்த படைப்புகள் எதுவும் தேறவில்லை, ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டனின் மொத்தப் பங்களிப்புக்குச் சிறப்பு விருது கொடுங்கள் என்றார்கள் இசை நடுவர்கள். வாரியம் மறுத்தது. நடுவர் மூவரில் இருவர் விலகினார்கள். நான் ரொம்பச் சின்ன வயதில் புகழடைவதை விதி விரும்பவில்லை போலும் என்றார் எல்லிங்டன். அப்போது அவருக்கு 66 வயது!

மறுக்க வாரியத்துக்கு உரிமை உண்டு. ஆனால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பேன். எழுத உட்கார்ந்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். இசைப் பிரிவில் அந்த ஓட்டை விதியிலேயே இருந்தது: முழுப் படைப்பையும் இசைக்குறிப்பாக எழுதித் தர வேண்டும். வாசிக்கும்போதே பாதி பிறக்கிற ஜாஸை எந்தத் தாளில் எழுதுவது? 1943-ல் தொடங்கிய இசை விருது ஜாஸுக்கு முதலில் போனது 1997-ல், விண்டன் மார்சாலிஸுக்கு. எல்லிங்டனுக்கு 1999-ல் சிறப்பு விருது அறிவித்தபோது அவர் மறைந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒலிப்பதிவே போதும் என்று விதியைத் தளர்த்தியது 2004-ல். 1965-லேயே நடுவர்களுக்குப் பதில் எழுதியிருந்தால் இதற்கு 39 ஆண்டு பிடித்திருக்காது.

உங்கள் தொகுப்பு அந்த மூன்றில் ஒன்றாக வந்தால், தாராளமாக அட்டையில் போடச் சொல்லுங்கள்.